இடது பின் கதவு

அந்த வெள்ளை வண்டி உங்களுதா சார்? ரெண்டாவது லிஃப்ட்ல தூக்கி வெச்சிருக்கானே, அதுதானே? முதல் சர்வீஸா? நெனச்சேன். சீட்டுல பாலித்தீன் கவரைக்கூட இன்னும் பிரிக்கல நீங்க. பிரிச்சுடுங்க சார், வெயில்ல முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டும். எல்லாரும் இதான் பண்றாங்க. பத்து லட்சம் குடுத்து வண்டி வாங்கிட்டு, பாலித்தீன் மேல உக்காந்துக்கிட்டுப் போறாங்க.

உக்காருங்க. அரை மணி நேரம்னு சொல்லியிருப்பாங்களே? ஒரு மணி ஆகும். கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்குதே அந்தப் பொண்ணு, அது எல்லார்கிட்டயும் அரை மணின்னுதான் சொல்லும். நல்ல பொண்ணுதான். என்னை அங்கிள்னு கூப்புடும்.

வண்டி எப்படி இருக்கு, சொல்லுங்க. கம்பெனியிலேர்ந்து ஃபோன் பண்ணி பத்துக்குப் பத்து போடுங்கன்னு கெஞ்சுவாங்களே, அந்தப் பதில் வேணாம். நெஜமா சொல்லுங்க. ம்... ம்... மைலேஜ் சொன்ன அளவுக்கு வரல. ஏசி பிரமாதம். பசங்க சன்ரூஃப்ல தலைய நீட்டிக்கிட்டு வருதுங்க. இதையேதான் சார் எல்லாரும் சொல்றாங்க. இந்த ஹால்ல உக்காந்து எத்தனை பேரைக் கேட்டிருப்பேன் தெரியுமா? ஒருத்தர் தகரம் மெலிசுன்றார். ஒருத்தர் வித்தா நல்ல விலைக்குப் போகுதுன்றார். ஒரு டீச்சரம்மா, ஸ்டியரிங் ஒரு விரல்ல சுத்துதுங்கன்னு சுத்திக் காட்டினாங்க. பதினெட்டு வருஷமா ஒரே வண்டிய வெச்சிருக்கற ஒருத்தர், என் வீட்டுக்காரிய கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது இதுலதான், விக்க மனசு வரலன்னு அழுதுட்டார். எல்லாம் சரி. ஒருத்தராவது கதவைப் பத்திப் பேசணுமே! பேச மாட்டாங்க. கதவு நல்லா இருந்தா அது இருக்கறதே யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷம் எனக்கு அதான் வேலை. கதவு.

பேரு கன்னியப்பன். சுங்குவார்சத்திரம். கொரியாக்காரன் நம்ம பக்கம் வந்து கம்பெனி கட்டினானே, முதல் வண்டி வெளிய வந்த அன்னிக்கி நான் லைன்ல நின்னுக்கிட்டிருந்தேன். கைதட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். வெளிய வந்த வண்டியப் பாத்து ஊரே சிரிச்சுது. உசரமா, ஒடுக்கமா இருக்கும். காரா இது, கூரை போட்ட டிபன் கேரியரான்னு என் மச்சானே கேட்டான். அப்புறம் அவனே வரிசையில நின்னு வாங்கினான், அது வேற கதை.

சேந்த புதுசுல எங்களை ஒரு ஹால்ல உக்கார வெச்சு படம் போட்டுக் காட்டினாங்க. கம்பெனி பொறந்த கதை. அந்த முதல் முதலாளி ஏழை வெள்ளாமைக்காரன் புள்ள. அப்பன் மாட்ட வித்து வெச்சிருந்த காச எடுத்துக்கிட்டு பட்டணத்துக்கு ஓடி வந்தவன். அரிசிக்கடையில மூட்டை தூக்கினான். அப்புறம் வண்டி ரிப்பேர் ஷெட்டு வெச்சான், அது தீப்புடிச்சு எரிஞ்சு போச்சு. மறுபடி வெச்சான். கடைசியில காரே செஞ்சு அமெரிக்காவுக்கு அனுப்பினா, அங்க டிவியில உக்காந்து கிண்டல் பண்ணியிருக்கானுங்க. இவன் என்ன பண்ணணும்? கோவிச்சுக்கிட்டு மூட்டை கட்டியிருக்கணும் இல்ல? பண்ணலயே. கம்பெனிக்காரங்க எங்கெங்க கோளாறுன்னு தேடித் தேடி சரி பண்ணிட்டு, பத்து வருஷம் கேரண்டி தர்றேன், இப்ப சிரிங்கடான்னுட்டாங்க. 

அந்தப் படத்தைப் பாத்து எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது சார். குறைய எடுத்துச் சொன்னாத்தான் எதுவும் உருப்படும். இந்த ஒரு விஷயம் அந்த ஹால்ல எனக்கு மண்டையில ஏறுச்சு. எங்க வீட்டுல யாருக்கும் ஏறல.

இன்னொன்னும் அந்தப் படத்துல வரும். வயசான காலத்துல அந்த முதலாளி, அப்பன் மாட்டுக்காசுக்குப் பதிலா ஆயிரத்தொரு மாட்ட லாரியில ஏத்தி, எல்லையத் தாண்டி, தான் பொறந்த ஊர்ப் பக்கத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போனாராம். பெத்தவன நெனச்சுப் பாக்கற புள்ளைங்க கொரியாவுலதான் பொறக்குதுங்க போல. சரி விடுங்க.

சோய் சார்னு ஒருத்தர் எனக்கு வேலை கத்துக்குடுத்தார். கொரியாக்காரர். தமிழ் வராது, இங்கிலீஷும் அரைகுறை. ஒரு நாள் என் கண்ணைத் துண்டால கட்டி, வரிசையா நின்ன பத்து வண்டிகிட்ட கூட்டிட்டுப் போனார். கட்டை விரலால ஒவ்வொரு கதவோட இடுக்கையும் தடவச் சொன்னார். நாலு மில்லிமீட்டர் இருக்கணும். கதவும் பாடியும் ஒரே மட்டமா இருக்கணும். ஏழாவது வண்டியில நிறுத்தினேன். சார், பின் கதவு, அரை மில்லிமீட்டர்னேன். துண்டை அவுத்துட்டு என்னைப் பாத்துக் குனிஞ்சு வணக்கம் வெச்சார். எனக்கு யாரும் அப்படி வணக்கம் வெச்சதில்ல, அதுக்கு முன்னாடியும் சரி, அப்புறமும் சரி.

அதுலேர்ந்து கை சும்மா இருக்காது. பஸ்ஸுல ஏறினா கதவு இடுக்கு. பீரோ, ஃபிரிட்ஜ், பூஜை ரூமு. கை அதுவா போயிடும். என் வீட்டுக்காரி சகுந்தலா தலையில அடிச்சுக்குவா.

இல்ல சார், எனக்கு ஒரே பொண்ணு. தேன்மொழி. ரத்தம் டெஸ்ட் பண்ற லேபுல வேலை. மூணு வருஷம் முந்தி திருவள்ளூர்லேர்ந்து ஒரு சம்பந்தம் வந்துது. பையன் பேரு கிருபாகரன், மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கான். அமைதியான பையன். அமைதின்னா ரொம்ப அமைதி. நான் ரெண்டு கேள்வி கேட்டா ஒண்ணுக்குத்தான் பதில் வரும். ஆனா தேனுக்குப் புடிச்சுப் போச்சு. எனக்கும் புடிச்சுது சார், பொய் சொல்லக்கூடாது.

நிச்சயதார்த்தத்தன்னிக்கி எங்க தெருவுல புது வண்டி வந்து நிக்குது. எங்க கம்பெனி வண்டி. சாம்பல் கலரு. மாலை போட்டு, பொட்டு வெச்சு, மாப்ள எறங்கறான். எறங்கி நேரா எங்கிட்ட வந்து, "மாமா, நீங்க செஞ்ச வண்டியிலதான் இந்த வீட்டுக்கு வரணும்னு எடுத்தேன்"ன்றான். அவ்வளவு நீளமா அவன் பேசி அன்னிக்கித்தான் கேட்டேன். சுத்தி நின்னவங்கல்லாம் கைதட்டறாங்க. சகுந்தலா ஆரத்தித் தட்டோட நிக்கறா, கண்ணுல தண்ணி.

நானும் சந்தோஷமாத்தான் வண்டிய சுத்தி வந்தேன். இடது பக்கம் பின் கதவுல கை நின்னுடுச்சு.

அஞ்சரை மில்லிமீட்டர். மேல அஞ்சரை, கீழ மூணு. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. கதவைத் திறந்து கீலைப் பாக்கறேன், பாடி பக்கம் இருக்கற போல்ட்டுல பெயிண்ட் வெடிச்சிருக்கு. அந்த போல்ட்டை பெயிண்டுக்கு அப்புறம் எங்க கம்பெனியில யாரும் தொடவே மாட்டோம் சார். யாரோ வெளிய கழட்டியிருக்கான். எங்கயோ இடிபட்ட வண்டி. டீலர் யார்டுல இடிச்சிருப்பானுங்க, வேற கதவை மாட்டி புது வண்டின்னு தள்ளிட்டானுங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஏமாந்து நிக்கறான் ஒரு பையன், மாப்ளயா வரப்போறவன். சொல்லாம இருக்க முடியுமா?

சொன்னேன். "மாப்ள, உங்களை ஏமாத்திட்டானுங்க. இது அடிபட்ட வண்டி"ன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன், அது என் கொரலு அப்படி. சம்பந்தியம்மா நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டாங்க. நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இதுன்னு ஒரு கிழவர் முணுமுணுக்கறார். நான் ஆதாரம் இல்லாம பேசறவன் இல்ல. மூணு ஒரு ரூபா காசை ஒண்ணா அடுக்கி இடுக்குல விட்டுக் காட்டினேன். மேல உள்ள போகுது, கீழ போகல. "வாங்க, எல்லாரும் வந்து பாருங்க"ன்னு ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் காட்டினேன். சம்பந்தி வேதாசலத்தோட கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் தடவிப் பாக்க வெச்சேன். அவர் முகத்துல ஈயாடல.

மாப்ள ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "பரவால்ல மாமா, வண்டி நல்லா ஓடுது."

பரவால்லயாம்! எனக்கு எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. அன்னிக்கி தாம்பூலம் மாத்தினாங்க, சாப்பிட்டாங்க, போயிட்டாங்க. எனக்கு ஒரு வாய் எறங்கல. தேனு எங்கிட்ட வந்து, "அப்பா, அத விட்டுடுங்கப்பா. அவர் வருத்தப்பட்டுட்டார்"ன்னா. டீலர் வருத்தப்படணும்மா, அவர் எதுக்கு வருத்தப்படறார்னு கேட்டேன். திரும்பி உள்ள போயிட்டா.

விடுவேனா? லீவு போட்டுட்டு அந்த டீலர்கிட்ட போனேன். பேர் சொல்லல, இந்த எடம் இல்ல, வேற. கம்பெனி ஐடி கார்டைக் காட்டி மேனேஜரை உக்கார வெச்சு கிழிச்சேன். அவன் உள்ள போய் ஒரு ஃபைலை எடுத்துட்டு வந்து முன்னாடி வெச்சான். அதுல மாப்ள கையெழுத்து இருக்குது சார். யார்டுல தூண்ல உரசின வண்டி, கதவு மாத்தியிருக்கு, தெரிஞ்சுதான் எடுத்துக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்கான்.

மேனேஜர் சொல்றான், அந்த மாடலுக்கு நாலு மாசம் காத்திருக்கணுமாம். நிச்சயதார்த்தத்துக்கு இந்த கம்பெனி வண்டியிலதான் போகணும், வேற எதுவும் வேணாம், இருக்கறதக் குடுங்கன்னு மூணு நாள் வந்து கேட்டானாம். "மாமனார் இந்த கம்பெனியாம் சார், ரொம்ப ஆசையா வாங்கினார்"ன்னு அந்த மேனேஜர் என்னமோ எனக்கு நல்ல சேதி சொல்ற மாதிரி சொல்றான்.

அப்ப, தெரிஞ்சே மறைச்சிருக்கான்! நான் ஊரைக் கூட்டி ஏமாந்துட்டீங்க மாப்ளன்னு சொல்றேன், அவன் வாயத் திறக்கல. என்னைப் பைத்தியக்காரனா நிக்க வெச்சுட்டான் இல்ல? ஆசையா வாங்கினானாம். ஆசை இருந்தா நாலு மாசம் காத்திருக்கறது. இல்லாட்டி பஸ்ஸுல வா. நான் வேணாம்னா சொன்னேன்? கோணக் கதவோட வந்து, நீங்க செஞ்ச வண்டின்றான். நான் செஞ்ச வண்டியில கோணக் கதவு இருக்காது சார்.

அந்தப் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து வாங்கிட்டு வந்தேன். சட்டைப் பாக்கெட்டுலயே வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல, நேரம் வரட்டும்னு இருந்தேன். பத்து நாள் கழிச்சு காஞ்சிபுரத்துல பட்டு எடுக்கப் போனோம், ரெண்டு குடும்பமும். வெள்ளை மெத்தையில பொடவையா விரிச்சுப் போட்டிருக்கான். தேனு ஒரு மயில்கழுத்துக் கலர எடுத்து தோள்ல போட்டுக்கிட்டு, நல்லாருக்காப்பான்னு என்னைப் பாத்துக் கேக்கறா. அதுக்குள்ள அந்தம்மா, சம்பந்தியம்மா, பக்கத்துல யார்கிட்டயோ, "இவர் கண்ணுக்கு இதுலயும் ஏதாவது ஓட்டை தெரியும் பாரு"ன்னு சிரிச்சாங்க. விளையாட்டுக்குத்தான் சொன்னாங்கன்னு சகுந்தலா இன்னைக்கும் சொல்றா. எனக்கு அப்படித் தெரியல.

பேப்பரை எடுத்து பொடவை மேல வெச்சேன். படிச்சும் காட்டினேன். உங்க புள்ளையோட கையெழுத்தான்னு பாருங்கம்மான்னேன்.

கடையில அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. விரிச்சுப் போடற பையன்கூட அப்படியே நின்னுட்டான். கிருபாகரன் தலை குனிஞ்சவன்தான், நிமிரவே இல்ல. தேனு அந்தப் பொடவைய மடிச்சா. நிதானமா, மடிப்பு கலையாம மடிச்சு வெச்சுட்டு எங்கிட்ட வந்தா. "அப்பா, இவர் இதை எங்கிட்ட நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிட்டார். உங்களுக்குப் பிடிக்கணும்னு அவர் பண்ணின ஒரே காரியம் இது. அது கதவுப்பா. அவர் மனுஷர்"னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. அவளுக்கும் தெரிஞ்சிருக்கு! எல்லாருமா சேந்து எங்கிட்ட மறைச்சிருக்காங்க.

நான் ஒண்ணும் கல்யாணத்தை நிறுத்தல சார். ஊர்ல அப்படித்தான் பேசறாங்க, பொய். ஒரே ஒரு நிபந்தனை வெச்சேன். அந்த வண்டியில ஏறி பொண்ணு கோயிலுக்குப் போகக்கூடாது. வேற எந்த வண்டி வேணும்னாலும் ஏற்பாடு பண்றேன், எங்க எம்டி வண்டியையே கேட்டு வாங்கறேன், அது மட்டும் வேணாம்னேன். நியாயமா இல்லையா? திருத்தணியில கல்யாணம். காலையில அஞ்சு மணிக்கு அந்தச் சாம்பல் வண்டி எங்க வாசல்ல வந்து நின்னுது. பட்டுப் பொடவை கட்டிக்கிட்டு தேனு எங்கிட்ட வந்து நின்னா. வாங்கப்பான்னா. நான் நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கல. ரெண்டு நிமிஷம் நின்னுருப்பா. அப்புறம் இடது பக்கமா போய், அதே கதவைத் திறந்து ஏறிட்டா.

தாய்மாமன் தாரை வார்த்துக் குடுத்தானாம். அந்த டிபன் கேரியர் மச்சான்தான். நான் பெத்து வளத்தவன். வீட்டுல உக்காந்திருந்தேன். சகுந்தலா எனக்கு இட்லி மூடி வெச்சுட்டுப் போயிருந்தா. சாயங்காலம் அவ திரும்பி வர்றவரைக்கும் அந்த மூடியத் திறக்கல நான்.

அதோட சரி. மூணு வருஷம். தேனு என் ஃபோனை எடுக்க மாட்டா. சகுந்தலா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பஸ் புடிச்சுப் போவா, வருவா. அவங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்து ஒண்ணரை வயசாவுது. ஃபோட்டோ காட்டறா. ஃபோட்டோவுல என்ன தெரியும்?

சுங்குவார்சத்திரத்துக்காரன் திருவள்ளூர் வந்து எதுக்கு சர்வீஸ் விடறேன்னா கேக்கறீங்க? இங்க காபி மெஷின் நல்லாருக்கும். சிரிக்காதீங்க. நெஜமாத்தான். வழியில நாலு சென்டர் இருக்கு, எதுலயும் காபி வாயில வைக்க முடியாது. என் வண்டியில டேஷ்போர்டுகிட்ட ஒரு சத்தம் வருது, திங்கக்கிழமையிலேர்ந்து காட்டிக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் இல்ல அங்கிள்னு அந்தப் பொண்ணு சொல்லுது. இருக்குது. இவங்களுக்குக் கேக்க மாட்டேங்குது.

சகுந்தலா போன வாரம் வாய் தவறிச் சொன்னா, மாப்ள இந்த வாரம் வண்டிய சர்வீஸ்ல விடணும்னாராம். அதுக்கும் நான் இங்க இருக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல. வந்தா வரட்டும். எனக்கு அவங்ககிட்ட ஒண்ணும் வேண்டாம் சார். 'நீங்க சொன்னது சரிதான்பா' அப்படின்னு ஒரு வார்த்தை. தப்பா இருந்தா வேணாம். சரியாத்தானே சொன்னேன்? அஞ்சரை மில்லிமீட்டர்னா அஞ்சரைதான். அந்த ஒரு வார்த்தைய அவ சொல்லிட்டா, நான் அந்தக் குழந்தையத் தூக்கி...

இருங்க.

திரும்பாதீங்க சார். வாசக் கேட்டுகிட்ட. சாம்பல் கலரு. அவன்தான் எறங்கறான். இளைச்சுட்டான். உள்ளதான் வர்றான். பாத்துட்டான். கொஞ்சம் இந்த காபிய புடிங்க. இல்ல, நான் எழுந்திருக்கப் போறதில்ல, நீங்க புடிங்க.

இருங்க சார், தோ வந்துடறேன்.

வந்துட்டேன் சார். தண்ணி இருக்குதா உங்ககிட்ட? குடுங்க.

ஒண்ணுமில்ல. கண்ணாடி வழியா பாத்திருப்பீங்களே. வாசக்கிட்ட அவன் எம் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, "மாமா, தேனு வண்டியிலதான் இருக்கா. பாப்பாவும் இருக்கா. வாங்க"ன்னான். மூணு வருஷமா ஒண்ணுமே நடக்காத மாதிரி. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனான் சார். நானும் போனேன்.

தேனு கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மடியில குழந்தை. என்னைப் பாத்ததும், "அப்பா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. பாப்பா என்னமோ என்னைத் தெரிஞ்ச மாதிரி ரெண்டு கையையும் நீட்டிச்சு. நானும் கைய நீட்டினேன். சத்தியமா குழந்தையத் தூக்கத்தான் நீட்டினேன் சார்.

கை கீலுக்குப் போயிடுச்சு.

எப்படிப் போச்சுன்னு தெரியல. கட்டை விரல் அந்த போல்ட்டு மேல நிக்குது. அதே போல்ட்டு. அதே வெடிச்ச பெயிண்ட், இப்ப துரு வேற புடிச்சிருக்கு. என் வாய் என் பேச்சைக் கேக்கல. "பாத்தியா, மூணு வருஷமாகியும் மாத்தல பாரு"ன்னேன்.

அவ என் கையை எடுத்து அப்பால வெச்சா. நசுங்கிடக் கூடாதுன்னு எடுத்து வெச்சா. பாப்பாவோட கையையும் உள்ள இழுத்துக்கிட்டா. அப்புறம் சாத்தினா. கோவமா இல்ல, மெதுவாத்தான். அவன் ஓட்டிட்டுப் போயிட்டான், சர்வீஸ் கூட விடல.

உங்களைக் கூப்புடறாங்க பாருங்க. வண்டி ரெடியாம். ஒரு நிமிஷம் சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நீங்க இங்கேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? அந்தக் கதவு முதல் தடவை சரியா சாத்திக்கல இல்ல? ரெண்டு தடவை சாத்தினா, பாத்தீங்க இல்ல? ரெண்டு தடவைதானே சார்?